கனகேஸ்வரி கழற்றிய வயர்

வயரைத் திரும்பச் செருகியும் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை.

மேசைக்குக் கீழே முழங்காலில் நின்றபடி கனகேஸ்வரி இன்னொரு தரம் வயரை அழுத்தினாள். பெட்டியின் பொத்தானை அமத்தினாள். உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. பிறகு பெட்டி கீச்சென்று அழத் தொடங்கியது.

"பீப்... பீப்... பீப்..."

நாலு நாளாகப் பேசாமல் கிடந்த சாமான், வயரைக் கொடுத்ததும் அழுகிறது. வயரைப் பழையபடி பாதி வெளியே இழுத்துவிட்டாள். அழுகை நின்றது.

அந்த வயரைத் திங்கட்கிழமை காலை கழற்றியது அவள்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. மாசி மாதம் மகன் ரூபன் கனடாவுக்குப் போன நாளிலிருந்து அவளுடைய கணவர் நவரத்தினம் கதைப்பதை விட்டுவிட்டார். வெள்ளவத்தைக் கடல் தெரிகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, ரயில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பாட்டுக் கோப்பையில் பாதிச் சோறு மிஞ்சும். கனகேஸ்வரியும் அழாமல் இருக்கவில்லை. ஆனால் அவள் அதைக் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்த மனிசனுக்கு அதையும் தெரியப்படுத்தி ஏன் வருத்தவேண்டும்?

ஆவணியில் ஒருநாள் ரூபன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் தானாகவே நின்றுபோனது. அன்றைக்கு நவரத்தினம் கதிரையை விட்டு எழும்பினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்குக் கீழே புகுந்தார். "கனகம், டோர்ச்சைப் பிடியும்! இஞ்சாலை, இஞ்சாலை!" என்று கத்தினார். இரண்டு நாள் வீடு கலகலத்தது. மத்தியானம் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து திருத்துகிற கிளறன்ஸ் மோட்டார் சைக்கிளில் வந்தான். பெட்டியின் முதுகில் வயரை ஒரு அமத்து அமத்தினான்.

"வயர் லூஸ் அன்ரி. அவ்வளவுதான்."

கம்ப்யூட்டர் எழும்பிற்று. நவரத்தினம் திரும்பவும் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

ஆகவேதான் கனகேஸ்வரி இந்தத் திங்கட்கிழமை வயரைத் தானே பாதி இழுத்துவிட்டாள். கணக்குப் பிழைக்கவில்லை. மனிசன் பெட்டியைத் திறந்தார், தூரிகையால் தூசி தட்டினார், தனக்குத் தெரியாத சாமான்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். அவள் டோர்ச்சோடு பக்கத்தில் குந்தியிருந்து, "அப்ப இது என்ன?" "அப்ப அது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள்ளிருந்து பல்லி முட்டை ஒன்று உருண்டு வந்தபோது இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

ஒன்றுதான் அவளுக்கு ஆச்சரியம். முப்பது வருஷம் அரசாங்கத்தில் வரைபடம் கீறிய மனிதர், ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிறவர், பெட்டியின் முதுகில் தொங்குகிற வயரை மட்டும் காணவேயில்லை. அன்று பின்னேரம் ஸ்குரூ வாங்கப் போனவர் மூன்று மணித்தியாலம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

"வயசு போட்டுது, பாவம்" என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படியே இன்னும் ஒரு கிழமை ஓடியிருக்கும். ஆனால் வியாழக்கிழமை காலை ரூபன் ரெலிபோன் எடுத்துக் கெடுத்துவிட்டான்.

"அம்மா, சனிக்கிழமை என்ர படம் ஒண்டு ஈமெயிலிலை அனுப்புறன். ஒரு பெடியன் எடுத்துத் தாறானாம். பாருங்கோ."

எட்டு மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் முகம்! மெலிந்துவிட்டானோ, கன்னம் ஒட்டிவிட்டதோ, குளிருக்கு ஒழுங்காக உடுக்கிறானோ, எல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். ரெலிபோனை வைத்த கையோடு போய்த்தான் அவள் வயரைச் செருகினாள். அப்போதுதான் பெட்டி அழுதது.

சந்தைக்குப் போய் வந்த நவரத்தினத்திடம் படத்து விஷயத்தைச் சொன்னாள். அவருடைய முகம் மாறியது.

"சனிக்கிழமையோ? இந்தச் சனிக்கிழமையோ?"

"ஓம். அதுக்கிடையிலை திருத்திப் போடுவியளோ?"

"ஒரு ஸ்குரூ வேணும்" என்றார். மீன் பையை வைத்துவிட்டு அப்படியே வெளியே ஓடினார்.

வெயில் தாழத்தான் வந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"எங்கை ஸ்குரூ?"

"கொட்டாஞ்சேனைப் பக்கம் ஆமியின்ர சுற்றிவளைப்பு. றோட்டை மூடிப்போட்டாங்கள். பஸ்சைத் திருப்பி விட்டிட்டாங்கள்."

"ஒரு ஸ்குரூ வாங்கக் கொட்டாஞ்சேனைக்கோ போனனீங்கள்? காலி றோட்டிலை இல்லாத ஸ்குரூவோ?"

"அங்கைதான் நல்ல ஸ்குரூ" என்றார் நவரத்தினம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கனகேஸ்வரி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "அப்ப சந்தியிலை இருக்கிற கொம்யூனிக்கேஷன் கடையிலை போய் ஈமெயிலைப் பாப்பம்."

"என்ர பிள்ளையின்ர முகத்தை ஊர்ச்சனத்துக்கு நடுவிலை கடையிலை நிண்டு பாக்கிறதோ? நீர் அழுதீரெண்டால்?"

"நான் ஏன் அழுறன்? நீங்கள்தான்..." என்று தொடங்கியவள் விழுங்கிக்கொண்டாள்.

அவர் குளிக்கப் போன நேரம் அவளுக்குக் கடைசி வழி ஒன்று தோன்றியது. சாமித்தட்டிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தாள். பெட்டிக்கு மூன்று குறி பூசினாள். வருத்தம் உள்ளுக்கல்லவா என்று நினைத்து, பின்பக்க விசிறி ஓட்டை வழியாக ஒரு கைப்பிடி விபூதியை உள்ளேயும் போட்டாள். வயரைச் செருகிப் பொத்தானை அமத்தினாள். விசிறி சுற்றியது. உள்ளே போட்ட விபூதியில் பாதி ஓட்டை வழியாக அவளுடைய முகத்துக்கே வந்தது. பெட்டி முன்னரைப் போலவே அழுதது.

வெள்ளிக்கிழமை விடிந்து எட்டு மணிக்கே நவரத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஸ்குரூவுக்கோ?"

"ஓம். றோட்டுத் திறந்திட்டாங்களாம்."

அவருடைய தலை மறைந்ததும் கனகேஸ்வரி பெட்டியை ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றினாள். கிளறன்ஸின் கடையில் ரெலிபோன் இல்லை. நேரில்தான் போகவேண்டும். பெட்டியைப் பிள்ளை போலத் தூக்கிக்கொண்டு, படிக்குப் படி இருந்து இருந்து, இரண்டு மாடி இறங்கினாள். ஒரு திரீவீலரைப் பிடித்தாள்.

பம்பலப்பிட்டி தாண்டவில்லை, மறித்துவிட்டார்கள்.

"மேக்கே மொனவத?" ஒரு ஆமிக்காரன் விரிப்பைத் துவக்கு முனையால் தொட்டான். இதற்குள் என்ன?

"கொம்பியூட்டர், மாத்தயா. வெட நே" என்றாள். வேலை செய்யாது.

விரிப்பை விலக்கினான். மூடியில் ஸ்குரூ ஒன்றும் இல்லாததால் அது தானாகத் திறந்தது. உள்ளே பல நிற வயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைத் தூள். ஆமிக்காரன் இரண்டடி பின்னால் பாய்ந்தான். திரீவீலர்காரன் இறங்கி நாலடி தள்ளி நின்றுகொண்டான்.

"மே சுது குடு மொனவத?" இந்த வெள்ளைத் தூள் என்ன?

விபூதிக்குச் சிங்களத்தில் என்ன சொல்? எவருக்குத் தெரியும்? கனகேஸ்வரி பெட்டிக்குள் விரலை விட்டுத் தூளைத் தொட்டாள். நெற்றியில் மூன்று குறியாக இழுத்தாள். மிச்சத்தை வாயில் போட்டாள்.

"கோவில், மாத்தயா. கோவில்!"

ஆமிப் பெரியவன் ஒருவன் வந்தான். அடையாள அட்டையைப் பார்த்தான், பொலிஸ் பதிவுத் துண்டைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். கோவில் தூள் கம்ப்யூட்டருக்குள் ஏன் என்று கேட்டான்.

"லெட, மாத்தயா" என்றாள். வருத்தம், சுகமில்லை.

அவன் சிரிக்கக்கூடாது என்றுதான் நின்றான். முடியவில்லை. "கம்பியூட்டருக்கோ?"

"மகே புத்தா... போட்டோ..." என்று தொடங்கினாள் கனகேஸ்வரி. என் மகன். மேற்கொண்டு சிங்களம் வரவில்லை. எட்டு மாதமாகக் குழாய்த் தண்ணீரோடு போன அழுகை, காலி றோட்டு நடுவில், இத்தனை பஸ்சுக்கு முன்னால் வந்துவிட்டது.

பெரியவன் சிரிப்பை நிறுத்தினான். மூடியைத் தானே மூடினான். விரிப்பைச் சுற்றி, பெட்டியைத் தூக்கித் திரீவீலருக்குள் அவளுக்குப் பக்கத்தில் வைத்தான். "யன்ன, அம்மே" என்றான். போங்கள் அம்மா.

கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸ் கடையைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நெற்றியில் கோணல் விபூதியும் கையில் பெட்டியுமாக அவள் வந்து நின்றதைப் பார்த்து எழும்பிவிட்டான்.

"என்ன அன்ரி, நீங்கள் ஏன் தூக்கிக்கொண்டு வாறீங்கள்?"

அவள் வாங்குப் பலகையில் இருந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"தம்பி, நாளைக்கு ரூபன்ர படம் வருது. எப்பிடியும் இண்டைக்குத் திருத்தித் தா. ஒண்டு சொல்லுறன், அங்கிளுக்குச் சொல்லிப்போடாதை. வயரை நான்தான் கழட்டினனான்."

"அந்த மனிசன் ஜன்னலுக்குள்ளையே இருந்து செத்துப்போகும் போலை கிடந்துது. ஏதும் ஒரு வேலை இருந்தால் எழும்புவார் எண்டுதான். ஆனால் பிறகு கொழுவினால் இது வேலை செய்யேல்லை. என்னத்தைப் பழுதாக்கினன் எண்டு எனக்குத் தெரியாது."

அவன் மூடியைத் திறந்தான். விபூதியை ஊதினான். உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"பழுதில்லை அன்ரி. உள்ளுக்கு ஒரு துண்டு இல்லை. விரல் நீளத்திலை ஒரு பச்சைத் துண்டு."

"ஐயோ, எங்கை விழுந்துதோ?"

"விழேல்லை. இப்ப அங்கிளின்ர சட்டைப் பொக்கற்றிலை வெள்ளவத்தை பஸ்சிலை போகுது. கால் மணித்தியாலத்துக்கு முதல்தான் வந்து வாங்கிக்கொண்டு போனவர்."

"அவரோ? அது எப்பிடி உன்னட்டை வந்தது?"

கிளறன்ஸ் பெட்டியை மெல்ல மூடினான்.

"திங்கட்கிழமை அவர்தான் கழட்டிக் கொண்டுவந்து தந்தவர் அன்ரி. 'கனகம் வயரை இழுத்ததை நான் பாத்தனான், ஆனா அது ஒரு நிமிஷத்திலை சரிவந்திடும். பிள்ளை போனாப்பிறகு பாத்றூமுக்குள்ளை அழுத மனிசி, இப்பதான் எனக்குப் பக்கத்திலை இருந்து சிரிக்குது, இது கொஞ்ச நாள் உன்னட்டைக் கிடக்கட்டும்' எண்டு."