தேங்காய் படுத்த இடம்

தண்ணீருக்கு விலையே கிடையாது என்கிறவர்கள் விலை விசாரிக்காதவர்கள். 1978-இல் மலேசியாவின் செமோர் பக்கம் அது நூற்றைம்பது வெள்ளி. சேவலும் பூசைச் சாமானும் தனி. பேரம் பேசினால் சாமி கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொண்டால் இருநூறு.

சாமியின் பெயர் சன்னாசி. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் மைத்துனன் ராஜு, தோளில் தேங்காய்ச் சாக்கோடு. குடுமி வைத்த தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு சன்னாசி நிலத்தின் மேல் நடப்பார். அடியில் நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். இல்லாவிட்டால் படுத்தே கிடக்கும். தேங்காயின் விலை முப்பது காசு. முப்பது காசுக்குத் தெரிவது தங்களுக்குத் தெரியவில்லையே என்று யாரும் வெட்கப்பட்டதாகத் தகவல் இல்லை.

வாடிக்கையாளர்கள் ஒரு ரப்பர் தோட்டத்துச் சனங்கள். தோட்டத்தைத் துரைமார் விற்றார்கள். வாங்கினவர் அதைத் துண்டு போட்டு விற்றார். சேமநிதிப் பணத்தைக் கொட்டிப் பதினைந்து குடும்பங்கள் ஆளுக்கொரு துண்டு வாங்கின. அதுவரை குடியிருந்த தோட்டத்து வரிசை வீட்டு லயத்தில் தண்ணீர்க் குழாயை மூடியாயிற்று. வருடக் கடைசியில் லயமும் இடிபடும். அதற்குள் வீடு எழும்ப வேண்டும். வீட்டுக்கு முன்னால் கிணறு வேண்டும்.

தோட்டத்தைச் சுற்றி ஈயம் எடுத்துக் கைவிட்ட குட்டைகள். எல்லாவற்றிலும் தண்ணீர், மாடு விழுந்தால் மூழ்கிப்போகிற அளவுக்கு. வாரத்தில் நாலு நாள் மழை வேறு. இதற்கு நடுவே நின்றுகொண்டு ஒரு கூட்டம், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காசு கொடுத்துக் கேட்டது.

முதலில் கேட்டவர் உடையப்பன். தேங்காய் நின்றது, தோண்டினார், பத்தடியில் தண்ணீர். அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை சாமியை வரவேற்கப் பஸ் நிறுத்தத்திலிருந்தே கூட்டம். காலில் விழுந்தவர்கள் உண்டு. லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டவர்களும் உண்டு. சாமி சிரித்தபடி மறுத்துவிட்டார். தெரிந்தால் அவரே எடுத்திருப்பாரே என்று யோசிக்க அன்று யாருக்கும் நேரமில்லை.

தண்ணீரைத் தேடி அங்கே இன்னொருவனும் வந்துகொண்டிருந்தான். பெயர் லியாகத் அலி. ஈப்போவில் மண், கனிமம், நிலத்தடி நீர் ஆகியவற்றை ஆராய்கிற சர்க்கார் இலாகாவில் வேலை. பெரிய இரும்புத் திருகால் நிலத்தைத் துளைப்பான், நாடாவை இறக்கி ஆழம் பார்ப்பான், மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு போவான். வெள்ளைக்காரன் காலத்திலும் அந்த இலாகா ஆட்கள் வந்து துளைத்திருக்கிறார்கள். அவர்கள் ஊன்றிவிட்டுப் போன இரும்புக் குழாய்கள் அங்கங்கே நின்றன. குழாய்க்குள் தண்ணீர் நின்றது. வெளியே சனங்கள் ஆடு கட்டினார்கள்.

ஒருமுறை லியாகத் அலியிடமும் கேட்டார்கள், தண்ணீர் எங்கே வரும் என்று. "தோண்டிப் பார்த்தாத்தான் தெரியும்ணே" என்று அவன் சொல்லிவிட்டான். அத்தோடு அவன் மானம் போயிற்று. போதாக்குறைக்கு அவன் காசும் வாங்குவதில்லை.

சன்னாசிக்கு ஒரு நேர்மை இருந்தது. எல்லா நிலத்திலும் தண்ணீர் உண்டு என்று அவர் சொல்லவில்லை. பதினொரு நிலத்தில் தேங்காய் நின்றது. மூன்று நிலத்தில் படுத்துவிட்டது. அடியில் நாகம் நீரைக் குடித்துவிட்டதாம். அந்த மூன்றும் ரோட்டோரத்து நிலங்கள். நாகத்துக்கும் பஸ் வசதி வேண்டியிருக்கிறது போலும். ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கிய நிலத்தை நானூறுக்கு யார் வாங்குவார்கள் என்று அந்தக் குடும்பங்கள் அழுதபோது, ராஜு இரக்கப்பட்டு வாங்கினான். முதலில் விற்றவள் செல்லாயி. வாங்கியதும் ராஜு தகரத்தால் வேலி அடைத்தான். பாழ் நிலத்தைப் பத்திரமாகப் பூட்டி வைக்கிற மனிதனை அன்றுதான் அந்தத் தோட்டம் பார்த்தது.

பதினைந்தாவது துண்டு வீரம்மாவுடையது. ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த காசு முழுக்க அந்த ரோட்டோரத்து மூலையில்தான் கிடந்தது. தேங்காய் படுத்துக்கொண்டது. ராஜு மறுபடியும் இரக்கப்பட்டான், இந்த முறை முந்நூற்றைம்பதுக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

வீரம்மா நேரே லியாகத் அலியிடம் போனாள்.

"தம்பி, தேங்கா நின்ன எடத்துல எல்லாரும் தோண்டிட்டாங்க. படுத்த எடத்துல ஒருத்தராச்சும் தோண்டிப் பார்த்தாங்களா?"

லியாகத் அலி திருகைக் கீழே வைத்தான். "இல்லக்கா."

"ஏன்?"

"தண்ணி இல்லேன்னு சொன்ன எடத்துல யாரு காசு போட்டுத் தோண்டுவா? அவரு பொழப்பே அதுலதான் இருக்கு லா."

வெள்ளிக்கிழமை கூட்டம் கூடியது. வீரம்மா நடுவில் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"சாமி, இந்தத் தோட்டத்துலயே ரொம்பக் காஞ்ச எடம் எதுன்னு நீங்களே காட்டுங்க. பதினஞ்சடி தோண்டுவோம். தண்ணி வரலேன்னா என் நெலத்த ராஜு தம்பிக்குச் சும்மாவே எழுதித் தர்றேன்."

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு பஸ் இருக்கு வீரம்மா, ஏத்தி விடவா?" என்று உடையப்பன் கேட்டார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. கூட்டம் சிரித்தது. சன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. இன்று நாள் சரியில்லை என்றார். தேங்காய் முற்றவில்லை என்றார். தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது என்றார்.

சாமி தயங்குவது உடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. பக்தர் இல்லையா. "எதுக்கு சாமி நீங்க அலையணும்? செல்லாயி நெலத்துல தேங்கா எப்படிப் படுத்துச்சு. கொறட்டை ஒண்ணுதான் விடல. அங்கயே தோண்டுவோம். வாங்கப்பா."

மண்வெட்டியோடு கூட்டம் கிளம்பியது. ராஜு ஓடிவந்து வேலியை மறித்தான். அது தன் நிலம், யாரும் கால் வைக்கக் கூடாது என்றான்.

"காஞ்ச நெலம்தானே மச்சான், என்ன கொறஞ்சிரப் போவுது?" என்று உடையப்பன் அன்போடு அவனை ஒதுக்கிவிட்டுத் தகரத்தைத் தள்ளினார்.

உள்ளே நாலு பாத்தி கீரை, பச்சைப் பசேலென்று. பாத்திக்கு அப்பால் ஒரு பலகை. பலகைக்கு அடியில் சிமெண்டு வளையம் இறக்கிய கிணறு. பக்கத்தில் வாளி. கயிறு ஈரம்.

லியாகத் அலி நாடாவை இறக்கிப் பார்த்து, எட்டடி என்றான். செல்லாயி குனிந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் அவள் முகம் தெரிந்தது. நானூறு வெள்ளிக்கு விற்ற முகம்.

சன்னாசி தொண்டையைச் செருமிக்கொண்டார். நாகம் இடம் மாறிவிட்டது என்றார்.

உடையப்பன் வெகு மரியாதையாகக் கேட்டார். "எப்ப மாறுச்சு சாமி? செல்லாயி கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சாமி மோட்டார் சைக்கிளைத் தேடினார். அதைச் சுற்றிப் பதினொரு வீட்டு ஆட்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். அடி உதை எதுவும் இல்லை. தேங்காயை வாங்கி ஆளுக்கு ஆள் கையில் வைத்துப் பார்த்தார்கள். சுண்டுவிரலைக் கொஞ்சம் தூக்கினால் எழுந்து நிற்கிறது. எந்த நிலத்திலும் நிற்கிறது. கோயிலின் சிமெண்டுத் தரையில் இன்னும் நன்றாக நிற்கிறது.

மறுநாள் வீரம்மா தன் நிலத்தில் தோண்டினாள். எங்கே தோண்டுவது என்று லியாகத் அலியைக் கேட்டதற்கு, சமையல்கட்டுக்குப் பக்கமாக இருந்தால் நடை மிச்சம் என்றான். ஒன்பதடியில் தண்ணீர். வருடக் கடைசியில் லயம் இடிந்தபோது அவள் வீட்டில் உலை கொதித்தது.

கணக்கை முடித்துவிடலாம். தண்ணீர் உண்டு என்று தேங்காய் சொன்ன நிலம் பதினொன்று. தண்ணீர் வந்தது பதினொன்றிலும். இல்லை என்று சொன்னது நாலு; வந்தது நாலிலும். சாமியிடம் பிடுங்கிய காசு, கொடுத்ததில் பாதி. ராஜு திருப்பித் தந்த நிலம் இரண்டு. செல்லாயியின் நிலம் ராஜு பெயருக்கு மாறி, அவன் அவசரமாக விற்றதில் கைமாறியும் போய்விட்டது. அது பாக்கி. செத்த சேவல் பதினைந்து. அவை திரும்பா.

செலவே ஆகாமல் அப்படியே கையிருப்பில் இருந்தது ஒன்றுதான்: பதினைந்து வீட்டுக்காரர்களின் மூளை. அதில் வீரம்மா கொஞ்சம் எடுத்துச் செலவழித்தாள். மற்றவர்களுடையது இன்னமும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது.