எழவு வீட்டில் விண்கலம்

எழவு வீட்டில் சிரிப்பு வந்தால் அடக்கிவிடலாம். விண்கலம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு வந்தது.

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் ஓர் ஆங்கில விண்வெளித் தொடர் போடுவார்கள். இன்றைக்கும் புதுப்புது ஆட்களோடு ஓடிக்கொண்டிருக்கிற தொடர்தான். எங்களுக்கு வந்தது அதன் ஆரம்பகாலப் பகுதிகள். (எந்தக் கிரகத்துக்குப் போனாலும் அதே அட்டைப் பாறை.) நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வியாபாரம் பார்த்த என் அத்தை புருஷன் அதற்கு அடிமை. மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சேலத்தில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த நான் வாராவாரம் போய் அர்த்தம் சொல்வேன். எனக்கும் பாதிதான் புரியும். மீதியை நானே இட்டுக்கட்டிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலை தெற்கே, காலடியில் டிவி. அத்தை அழாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கரண்டு இல்லை. மாமாவின் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, கரண்டு வந்தா டிவி பாட்டுக்குப் பாடிறப் போவுது. ஆஃப் பண்ணிருக்கான்னு பாருங்க. கரண்டுப் படிப்பு படிக்கறவரு நீங்கதான்."

போய்ப் பொத்தானை அமுக்கினேன். (கரண்டு இல்லாதபோது அமுக்கினால் அது அணைகிறதா, எரிகிறதா என்று டிப்ளமோவில் சொல்லித் தரவில்லை.)

ஒப்பாரி உச்சத்தில் இருந்தபோது கரண்டு வந்தது. கூடவே உய்யென்று விண்கலமும் வந்தது. பாய்ந்து போய்க் கைக்கு அகப்பட்ட குமிழைத் திருகினேன். சத்தம் இரண்டு மடங்கானது. ஒப்பாரி நின்றுபோனது. மாமாவின் அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"உடு சாமி, ஓடட்டும்" என்றாள் அத்தை. "போன வாரம் பாதியில நிறுத்திட்டானுங்கன்னு மாமா வாரம் பூரா பொலம்பிட்டுக் கெடந்தாரு."

மாமாவின் அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். மாமாவோடு சேர்ந்து கூடமே பார்த்தது. திரையில் ஒருவன் என்னவோ சொன்னான்.

"என்னங்கறான் மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார் மாமாவின் அண்ணன்.

எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. வழக்கம்போல இட்டுக்கட்டினேன்.

"எல்லாரும் பத்தரமா ஊடு போய்ச் சேந்துட்டாங்களாமுங்க."

அப்போதுதான் அத்தை கதறி அழுதாள்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எங்கே எழவு விழுந்தாலும், நான் போய்ச் சேர்வதற்குள் டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள். போன வருடம் அத்தை போனாள். மாலையோடு இறங்கிய என்னை அவள் மகன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"பிடுங்கியாச்சுங்க மச்சான், வாங்க" என்றான்.

அதைச் சொல்லிவிட்டுத்தான் என் தோளில் சாய்ந்து அழுதான்.