பெருமாள் தாயார் சாட்சியாக மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, சாமி படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பிழைக்கும் மாமனார் இரு கை கூப்பி எழுதுவது. நானும் உங்கள் அத்தையும், கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் மனைவியும் நலம். தாங்களும் தங்கள் அம்மாவும் நலமாயிருக்க பெருமாளையும் தாயாரையும் வேண்டுகிறேன்.

தாங்கள் வந்து அழைத்துப் போகும்வரை தினமும் மாலையில் தம்பதியாக உட்கார்ந்து பூஜை செய்வதாக வேண்டிக்கொண்டேன். பெருமாள் பாம்பணையில் படுத்திருக்க, தாயார் கால்மாட்டில் அமர்ந்து பாதம் பிடிக்கும் படம். நானே தேக்கில் சட்டம் போட்டேன். வேண்டிக்கொண்டபோது ஒன்றை மறந்துவிட்டேன். "மாப்பிள்ளையை வரச் சொல்லி எழுதறேன்" என்று நான் வாயைத் திறந்த நாளிலிருந்து உங்கள் அத்தை என்னோடு பேசுவதில்லை. பூஜைக்கு மட்டும் பெருமாள் முகத்துக்காகப் பக்கத்தில் உட்காருவாள். ஒரு அடி நான், ஒரு அடி அவள் என்று பாட வேண்டிய பாட்டில், தன் அடி வந்தால் என்னை முறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுகிறாள். "கருணைக் கடலே" என்று அவள் பாடியதைக் கேட்டு மாடி வீட்டுக்காரர் இறங்கி ஓடி வந்து, "சார், எதா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்" என்றார். மானம் கப்பலேறிவிட்டது. போகிற போக்கில் அவர் கால் பட்டு எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்து, துடைக்கப் போன நான் வழுக்கி விழுந்து, இடுப்பு பிடித்துக்கொண்டு, பெருமாளைப் போலவே நானும் தரையில் படுத்துக் கிடந்தேன். கால் பிடிக்கத்தான் ஆளில்லை. உங்கள் அத்தை என்னைத் தாண்டிப் போய் விளக்கைத் தூண்டிவிட்டாள்.

படுத்த வாக்கிலேயே உங்கள் மனைவிக்குப் புத்தி சொன்னேன் மாப்பிள்ளை. "தாயாரைப் பாரும்மா. உலகத்துக்கே மகாராணி, புருஷன் காலைப் பிடிக்கிறா. மூஞ்சிய சுளிக்கிறாளா?" அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பெருமாள் தாயாரை நெஞ்சுல வெச்சிருக்காருப்பா. எனக்கு அந்த வீட்டுல அடுப்படிலகூட இடமில்ல" என்றாள். வாய்க்கு வாய் பேசுகிறாள். எங்கள் வளர்ப்பின் குறை, மன்னிக்கவும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாயிற்று.

ஆகவே தாங்கள் பெரிய மனசு பண்ணி வந்து அவளை அழைத்துப் போகும்படி காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். விழாததற்குக் காரணம் இடுப்புதான், மரியாதைக் குறைவு இல்லை.

பெருமாளும் தாயாரும் உங்கள் இருவரையும் வாழையடி வாழையாக வாழ வைக்கட்டும்.

இப்படிக்கு,
வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அவளும் ஒரு வரி எழுதட்டும் என்று பேனாவை நீட்டினேன். இடது கையால் வாங்கினாள். என்னம்மா என்று வலது கையை இழுத்துப் பார்த்தேன். இரண்டு விரல் மடங்கவில்லை.

"கதவுல நசுங்கிடுச்சுப்பா."

"பார்த்து சாத்தக் கூடாதாம்மா?"

"நான் சாத்தலப்பா."

உங்கள் அத்தை அப்போதுதான் என்னிடம் பேசினாள். "பெத்தவன் கண்ணுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?" இதைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதலாம்தான். எப்படிப்பட்டவனிடம் என் பெண்ணைத் திருப்பித் தள்ளப் பார்த்தேன் என்பது என் கையெழுத்திலேயே இருக்கட்டும். படத்தின் முன்னால் போய் நின்று வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பெருமாள் கோபித்தால் தாயார் பார்த்துக்கொள்வாள். என் மகள் இங்கேதான் இருப்பாள். நீ வராதே.