முற்றும் போட்ட பின்னும் மூடாத வாய்

கதையை முடித்துவிட்டு, கதையை விட்டு எழுந்திருக்காதவர் என்று எழுத்தாளர்களில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பந்தி முடிந்து, கை கழுவி, வாசலில் செருப்பைத் தேடும்போது ஓடிவந்து, "ரசத்தில் பெருங்காயம் போட்டிருந்தேன், கவனித்தீர்களா?" என்று கேட்கும் சமையல்காரரைப் போன்றவர். போட்டிருந்தால் மணத்திருக்காதா? மணக்கவில்லை. அதனால்தான் ஓடிவருகிறார்.

டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில், எங்கள் பிஷெனோ ஊர் மன்றத்தில் நடக்கும் வாசகர் கூட்டத்துக்கு வருடந்தோறும் வந்து உட்காரும் டக்ளஸ் ஃபெர்ன்லி இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி. கலங்கரை விளக்கத் தீவு ஒன்றைப் பற்றி ஆறு பாகம் எழுதினார். நல்ல நாவல்கள்தான், அதை மறுக்க மாட்டேன். ஆறாம் பாகத்தின் கடைசியில் டோபியாஸ் என்ற படகோட்டி பனிமூட்டத்துக்குள் துடுப்புப் போட்டுப் போகிறான், துடுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, முற்றும். அங்கே நிறுத்தியிருந்தால் மனிதரைக் கும்பிட்டிருப்பேன்.

நிறுத்துவாரா? ஒரு வருடம் வந்து, கதையில் வரும் பாதிரியார் ரகசியச் சூதாடி என்றார்; மறு வருடம், நாய்க்குக் கண் தெரியாது என்றார்; அதற்கடுத்த வருடம், கண்ணாடியைக் கழற்றி, கூரையைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, "இதை நான் இதுவரை யார்கிட்டயும் சொன்னதில்ல" என்று ஆரம்பித்து (போன வாரம் லான்செஸ்டன் நகரக் கூட்டத்திலும் இதையேதான் ஆரம்பித்தாராம்), சமையல்காரன் இடக்கைக்காரன் என்று போட்டு உடைத்தார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டாம் பாகத்துலயே அவனுக்கு இடது கை போயிடுச்சே, டக்ளஸ்?"

அவர் கண் இமைக்கவில்லை. "மனசளவுல அவன் இடக்கைக்காரன்தான்."

கூட்டம் கை தட்டியது. வெட்கம் என்பது எழுதும்போது தேவைப்படும் சாமான் போலிருக்கிறது. பேசும்போது அதைக் கழற்றி வைத்துவிடலாம்.

இதெல்லாம் யாருக்கும் நட்டமில்லாத பிதற்றல் என்று நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், கிளெனிஸ் ஹாடோவின் படகுக்கு ஆபத்து வரும்வரை. கிளெனிஸ் எங்கள் ஊரில் சிங்கி இறால் பிடிப்பவள். ஆறு பாகத்தையும் படித்து உருகி, கடனில் புதிதாக வாங்கிய படகுக்கு டோபியாஸ் என்றே பெயர் வைத்தாள். இந்த வருடம் இறால் பருவம் தொடங்கப்போகிற வாரத்தில், ஃபெர்ன்லி வானொலியில் யாரோ கேட்டார்களென்று, "டோபியாஸா? அன்னிக்கு ராத்திரியே முழுகிச் செத்துட்டான்" என்றார், தும்மலைப் போல, அவ்வளவு சுலபமாக.

முழுகிச் செத்தவன் பெயர் கொண்ட படகில் எங்கள் கரையில் எவனும் ஏறமாட்டான். சரி, பெயரை மாற்றலாமே என்கிறீர்களா? பெயர் மாற்றிய படகு அதைவிடப் பெரிய அபசகுனம், அதில் ஏறவே மாட்டான். கிளெனிஸின் படகில் வேலை செய்யும் மிக் என்பவனும் அவன் தம்பியும் கும்பிடு போட்டு ஒதுங்கிவிட்டார்கள். இறால் பிடிக்கும் கூண்டுகள் படகுத்துறையில் காய்ந்தன. பருவம் போனால் படகும் போகும் என்பது ஊருக்கே தெரியும்.

இந்த வருடக் கூட்டத்தில் அவள் ரப்பர் பூட்ஸோடு எழுந்து நின்றாள். பின் வரிசையில் மிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் நடந்ததைச் சொன்னதும் ஃபெர்ன்லிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒருத்தியின் பிழைப்பு கெடுகிறது, இவருக்குப் பாராட்டு விழா!

"பாருங்க, என் பாத்திரம் எவ்ளோ உயிரோட இருக்கான்னு!"

"உயிரோட இருக்கானா? நீங்கதானே கொன்னீங்க. எந்தப் பக்கத்துல செத்தான்? காட்டுங்க."

"பக்கத்துல இல்லம்மா. என் மனசுல."

"அப்ப உங்க மனசுல ஈமக்கிரியை பண்ணிக்குங்க. நான் காசு குடுத்து வாங்குனதுல அவன் துடுப்புப் போட்டுட்டு இருக்கான். கீழ 'முற்றும்'னு போட்டிருக்கு. அதப் போட்டது யாரு?"

"நான்தான்..."

"போட்டப்புறம் எதுக்கு வாயத் தொறக்கறீங்க? வித்த மாட்டுக்கு வந்து சூடு போடற மாதிரி!"

பின் வரிசையில் மிக் தலையைச் சொறிந்தான். "அட, அவ சொல்றதும் சரிதானேப்பா. புத்தகத்துல பொணம் இல்லியே." பிறகு சத்தமாகக் கேட்டான்: "முதலாளியம்மா, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?"

இதோடு அந்த மனிதர் திருந்தியிருப்பார் என்று நினைத்தேன். திருந்தியிருப்பார்தான். ஆனால் கிளெனிஸ் வெளியே போன சூடு ஆறுவதற்குள், முன் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "டக்ளஸ், அந்த நாய் ஆணா, பெண்ணா?" அவர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். மன்றம் முழுவதும் நாற்காலி நுனிக்கு வந்தது. இந்த வியாதிக்குக் காரணமான கிருமி அவர் வாயில் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நீங்கள் அந்த முன் வரிசை ஆள் இல்லை, தெரியும். சொன்னதோடு திருப்தியடைகிற பெருந்தன்மைக்காரர். அப்படியானால், மறுநாள் கடலுக்குப் போன டோபியாஸ் பத்திரமாகத் திரும்பியதா என்று உங்கள் நாக்கு நுனியில் என்னவோ துருதுருக்கிறதே, அது என்ன?