கப்பலண்ணை கொடுத்த நோர்வேக்காரன்

கப்பலண்ணையைப் போன்ற ஒரு பொய்யரைத் திருகோணமலைத் துறைமுகம் இதுவரை இறக்கியதும் இல்லை, ஏற்றி அனுப்பியதும் இல்லை. ஏற்றி அனுப்பியிருந்தால் நாங்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்போம்.

பெயரைக் கேட்டு, கடல் கடலாகச் சுற்றி வந்த மாலுமி என்று நினைத்துவிடாதீர்கள். துறைமுக வாசலில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முந்திய காலத்தில், அக்கரைக்குப் படகில் போனாலே வாந்தி எடுப்பாராம். ஆனாலும் வாசலில் நின்றபடி பார்த்த கப்பல்களையெல்லாம் தன் சொந்தச் சொத்தாகவே கருதினார். தன் கலியாணக் கதையைக்கூட "அப்ப ஒரு ஜப்பான் கப்பல் வந்து நிண்டது" என்றுதான் தொடங்குவார்.

இப்படிப்பட்டவரைத்தான், தெருநாய்களைக் காப்பாற்றிப் பராமரிக்கும் எங்கள் ஊர்ச் சங்கமொன்று, குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுக்கும் வேலையில் வைத்திருந்தது. சங்கத்தை நடத்துபவர்கள் இளம் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள். நல்ல பிள்ளைகளுக்கு ஆள் பார்க்கத் தெரியாது.

வீட்டுக் காவலுக்கு ஒரு நாய் வேண்டுமென்று நானும் என் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனோம். வேப்பமர நிழலில் ஒரு பனையோலைக் கடகப் பெட்டியோடு கப்பலண்ணை உட்கார்ந்திருந்தார். உள்ளே மண்ணிறத்தில் ஒரே ஒரு குட்டி. ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருந்தது. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் மீன் சந்தை நாய்தான்.

"தங்கச்சி, இது லேசுப்பட்ட சாமான் இல்லை," என்றார் குரலைத் தாழ்த்தி. "தாய்தான் எங்கட ஊர். தகப்பன் நோர்வேக் கப்பல்ல வந்தவர். கப்டனுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருந்து சாப்பிட்ட ஆள்."

"காது ஏன் அண்ணை மடிஞ்சு கிடக்குது?" என்றேன்.

"அது அங்கத்தைய குளிருக்கு. காதுக்குள்ள பனி போகக் கூடாதெல்லோ!"

நான் சிரித்துவிட்டேன். என் கணவர் சிரிக்கவில்லை. நோர்வே என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. "சமாதானம் பேச வந்த நாடெல்லோ, சமாதானமான நாயாத்தான் இருக்கும்," என்று சொல்லிக் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துவிட்டார்.

"ஒண்டு சொல்லுறன். குளிர் தேசத்துப் பிள்ளை. ஃபானைப் போட்டுவிடுங்கோ. ஒவ்வொரு நாளும் மீன் குடுங்கோ. தமிழ் விளங்கக் கொஞ்ச நாள் செல்லும்," என்றார் கப்பலண்ணை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஃபானுக்குக் கீழே நாய் படுத்தது. நாங்கள் வியர்த்தோம். என் கணவர் அதற்கு ஒஸ்லோ என்று பெயர் வைத்து, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அதோடு பேசத் தொடங்கினார். "கம் ஒஸ்லோ, சிட் ஒஸ்லோ" என்று அவர் தொண்டை வற்றக் கத்துவார். அது கொட்டாவி விடும். நான் குசினியிலிருந்து "சூடை மீன்" என்று மெல்லச் சொன்னால் போதும், பறந்து வரும். தமிழ் விளங்காத பிள்ளை!

காவலைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு காலை கடற்கரையில், எங்கள் ஊர்த் தெருவெல்லாம் திரியும் புள்ளிமான்களில் ஒன்று, யாரோ போட்ட வாழைப்பழத்தோலைத் தின்றுகொண்டு நின்றது. அது தலையை நிமிர்த்திப் பார்த்ததுதான் தாமதம், நோர்வேக்காரன் என் கணவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் புகுந்துகொண்டான். கடற்கரை முழுவதும் பார்த்தது. சாரம் அவிழாமல் காப்பாற்றியது முன்னோர் செய்த புண்ணியம்.

அதற்குப் பிறகுதான் லிங்கநகர் மைதானத்தில் விசர்நாய்த் தடுப்பூசி போட்டார்கள். ஒஸ்லோவைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். அவருடைய நாய்க்கும் ஒரு காது மடிந்திருந்தது.

"ரஷ்யன் பிறீட்," என்றார் அதிபர், நாங்கள் கேட்காமலே. "கப்பல்ல வந்த பரம்பரை."

பின்னால் திரும்பினேன். தம்பலகாமத்திலிருந்து வந்த உழவு இயந்திரக்காரர், மண்ணிற நாயொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு காது மடிந்திருந்தது.

"உங்கட எந்த நாடு, தம்பி?" என்றேன்.

"கொரியா, அக்கா. வயலுக்கு வாற யானையை மணத்திலயே கண்டுபிடிக்குமாம். கண்டுபிடிக்குது, ஓம். கண்டுபிடிச்ச உடன மெஷினுக்குக் கீழ போய்ப் படுக்குது."

அதற்குள் ரஷ்யாவும் கொரியாவும் நோர்வேயும் ஒன்றையொன்று மோந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டன. ஊசியோடு நின்ற மிருக வைத்தியர் கேட்டார்: "ஒரு தாயின்ர குட்டிகளோ? எல்லாரும் ஒரு வீட்டுக்காரரே?"

அதிபருக்கு வந்த கோபத்தில் நாங்கள் எல்லோரும் நாய்களோடு நேராகக் கப்பலண்ணையின் வீட்டுக்குப் போனோம். திருப்பிக் கொடுத்துவிட்டு, நாக்கைப் பிடுங்குவதுபோல நாலு கேள்வி கேட்பது என்று முடிவு.

துறைமுகத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. வாசலில் மண்ணிறப் பெட்டை நாயொன்று படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் மூன்று காலில் நொண்டிக்கொண்டு எழுந்தது. பின்னங்கால் ஒன்று இல்லை. குட்டிகள் அதை மறந்திருந்தன. அது மறக்கவில்லை. ஒவ்வொன்றின் முகத்தையும் நக்கியது.

"நீர் ஒரு பொய்யன்!" என்றார் அதிபர்.

"ஓம் சேர்," என்றார் கப்பலண்ணை. "கன்டெய்னர் லொறி அடிச்சுத் துறைமுகக் கேற்றடியில கிடந்தது. வயித்தில குட்டி. தெருநாய்க் குட்டியெண்டு உண்மையைச் சொல்லித்தான் முதல் எல்லாரிட்டயும் கேட்டனான். உங்கட வீட்டுக்கும் வந்தனான் சேர். நீங்கள் கேற்றைத் திறக்கேல்லை."

அதிபர் தன் நாயின் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"வேண்டாமெண்டால் விட்டிட்டுப் போங்கோ. நான் பாக்கிறன்," என்றார் கப்பலண்ணை.

யாரும் கயிற்றை விடவில்லை. அதிபர் தன் நாய்க்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, இப்போது விட ஏலாது என்றார். உழவு இயந்திரக்காரர், வயலில் பழகிய நாய் பட்டினத்தில் நிற்காது என்றார். நான், ஒவ்வொரு நாளும் மீன் கேட்கிற நாய், இங்கே கட்டுப்படியாகாது என்றேன். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்த அந்த மனிதருக்கு உடனே பழைய தெம்பு வந்துவிட்டது.

"தகப்பன் விஷயம் மட்டும் முழுப்பொய் எண்டு நினைக்காதேங்கோ. அந்த நேரம் ஒரு இத்தாலிக் கப்பல்..."

நாங்கள் நடந்துவிட்டோம்.

வெட்கம் என்பது அவருக்குக் கிடையாது. அதன் பிறகும் ஞாயிறுதோறும் நாயைப் பார்க்கிற சாட்டில் வந்தார். அதன் விலாவைத் தடவி, "மெலிஞ்சு போச்சு தங்கச்சி," என்று என்னைக் குற்றம் சொல்வார். சொல்லிக்கொண்டே என் உளுந்து வடையை முடிப்பார். போன மாதம் ஒரு ஞாயிறு வரவில்லை. காய்ச்சலாம் என்று சங்கத்துப் பிள்ளைகள் சொன்னார்கள்.

"அதுவும் பொய்யாத்தான் இருக்கும்," என்றேன். பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நெருப்பு. மனிதர் உண்மையாகவே படுத்துவிட்டார். தன் கஞ்சியில் பாதியை அந்த மூன்றுகால் நாய்க்கு ஊற்றிவிட்டிருந்தார்.

மறுநாள் காலையில் இடியப்பத்தைத் தேங்காய்ப்பால் சொதியில் நன்றாக ஊறவைத்து, அவருக்கொன்றும் நாய்க்கொன்றுமாக இரண்டு பாத்திரங்களில் எடுத்துப்போனேன். கிழவனுக்கு முன்பல் ஒன்றும் இல்லை.