லைன் கிளியர்

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. ‘மின்கம்பியை ஒட்டிய மரங்கள் – நிலை’ என்று மின்சார அலுவலகம் கேட்டிருந்தது.

பள்ளிக்கூட எழுத்தர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கேட்டிலிருந்து அலுவலகம் வரை பாதையின் இரு பக்கமும் பதினான்கு பதினான்காக மரங்கள் நின்றன. வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவரே கயிறு பிடித்து நட்டு, லீவு நாளிலும் வந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஆளாக்கியவை. இருபத்திரண்டு வருஷமாகியும் ஒன்றுகூட வரிசை பிசகவில்லை.

பெருமை தாங்காமல், ‘லைன் கிளியர்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மத்தியானம் நகலைக் கோப்பில் வைக்கப் போன டைப்பிஸ்ட் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சார், இப்படி எழுதிட்டீங்க?"

"வரிசை நேரா, கச்சிதமா இருக்குன்னு எழுதினேன். ஏன்?"

"லைனைக் கிளியர் பண்ணுங்கன்னு படிச்சாங்கன்னா? மொத்தத்தையும் வெட்டிச் சாய்ச்சுட்டுப் போயிடுவாங்க."

எழுத்தர் அவசரமாக மின்சார அலுவலக எண்ணைத் தேடினார். ஃபோனை எடுத்தார்.

"சார், அந்த மரம் விஷயம். லைன் கிளியர்னு தெரியாம எழுதிட்டேன். அதை அடிச்சுடுங்க."

"அடிச்சுடவா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன். ரொம்ப அவசரம்."

"அப்ப எழுத்துல கொடுங்க."

கொடுத்தார். ‘முந்தைய குறிப்பை ரத்து செய்து, உடனே ஆவன செய்யவும்’ என்று எழுதி, முத்திரையும் குத்தி, தானே சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை கேட்டருகே லாரி நின்றது. இடப்பக்கம் முழுக்க வெறும் அடிக்கட்டைகள். வலப்பக்கம் ஒன்றே ஒன்று மிச்சம். அவர் போட்ட கூச்சல் ரம்பச் சத்தத்தில் அமுங்கிப்போனது. ஓடிப்போய் அந்த மரத்தைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினார். ரம்பக்காரன் புரிந்தது என்று தலையாட்டிவிட்டு அதையும் சாய்த்தான்.

எழுத்தர் சாய்ந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பாதையில் வந்த பிள்ளைகள் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, வெயிலில் நடந்து போனார்கள்.

"எல்லாம் என் தப்புதான்," என்றார், மரம் வெட்ட ஆட்களோடு வந்திருந்த மின்வாரிய மேஸ்திரியிடம். "வரிசையா இருக்குன்னு தமிழ்லயே எழுதித் தொலைச்சிருக்கலாம். லைன் கிளியர்னு எழுதின கையை உடைக்கணும்."

மேஸ்திரி சட்டைப்பையிலிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தார்.

"அது சரியாத்தானே சார் எழுதியிருந்தீங்க. லைன் கிளியர்னா கம்பியில மரம் படலை, வர வேண்டாம்னு அர்த்தம். அதை நீங்க அடிக்கச் சொன்னதாலதானே நாங்க வந்தோம்."