சீலை கட்டிச் சீசாப்பால் குடுத்த கதை

அன்னிக்கு எனக்கு வேல ஒண்ணுதாங்க. பையனுக்குச் சீசாவுல பால் குடுக்கோணும்.

பையன் பொறந்து ரெண்டு மாசம் ஆவல. அவங்கம்மாகிட்டப் பாலு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் அறிவு பத்தல.

அதுக்கு மொத நாளு சேலத்துக்குப் போயிருந்தேன். அங்க எங்கக்கா இருக்குது. "டவுனுல இப்பல்லாம் டப்பாப் பாலுதாண்டா. கொழந்த கொழுகொழுன்னு வளரும்"னு அது சொன்னதுதான் தாமசம், கடைக்கு ஓடிப் பால்மாவு டப்பாவும், ரப்பர் வெச்ச சீசாவும் வாங்கிட்டேன். டப்பா மேல ஒரு கொழந்த படம். கன்னம் ரெண்டும் பணியாரமாட்டம். எழுதியிருந்தத யாரு படிச்சா? நான் படத்தத்தான் படிச்சேன்.

பஸ்ஸுல சும்மா வந்தனா? டப்பாவ மடியில நட்டமா நிறுத்தி வெச்சுக்கிட்டு, "எம்பையனுக்குங்க. தாய்ப்பாலெல்லாம் இனி எங்கூட்டுல கெடையாதுங்க"ன்னு பக்கத்துல இருந்தவங்கிட்ட அளந்துட்டே வந்தேன். அவன் வெண்ணந்தூர்ல எறங்குனப்பதான் சுருக்குன்னுச்சு. என் மாமனாருக்கும் வெண்ணந்தூருதான்.

விடிஞ்சதும் சீசாவக் கழுவுனேன். எம்பொண்டாட்டி பாவாயி சீசாவப் பாத்தா. என்னையப் பாத்தா.

"ஏனுங்க, கன்னுக்குட்டிக்கும் ஒண்ணு வாங்கியாந்தீங்களா?"

"ஒரு நாளைக்குக் குடுத்துப் பாக்கலாம் புள்ள."

"எங்கப்பன் காதுக்குப் போச்சுன்னா என்னையும் பையனையும் கையோட கூட்டிட்டுப் போயிருவாரு. அப்பறம் அந்த டப்பாவோட குடும்பம் நடத்துங்க."

சொல்லிட்டுக் கொடத்த எடுத்துக்கிட்டுக் கெணத்துக்குப் போயிட்டா.

மாவக் கலக்குனேன். சீசாவ வாயில வெச்சேன். துப்புனான். மறுக்காவும் வெச்சேன். எம்மூஞ்சியப் பாத்துத் துப்புனான். அழுதான் பாருங்க, கட்டுத்தறியில மாடு அசைபோடறத நிறுத்திருச்சு.

அப்பத்தான் என் மூளை வேல செஞ்சுச்சு. ஆத்தா வாசம் இல்ல, அதான் குடிக்க மாட்டீங்கறான். கொடியில கெடந்த பாவாயி சீலைய எடுத்து, வெறும் ஒடம்புல சுத்தி, முக்காடும் போட்டு, பையன மடியில போட்டுக்கிட்டு, செவுத்தப் பாத்துக் குந்திக்கிட்டேன். பையன் அழுகைய நிறுத்திட்டான். செயிச்சுட்டம்னு நெனச்சேன்.

வாசல்ல இருமற சத்தம். மாமனாரு.

எங்க பக்கம் பொம்பளைங்க பால் குடுத்துட்டு இருந்தா ஆம்பளைங்க உள்ள வர மாட்டாங்க. பெத்த அப்பனா இருந்தாலும் வாசல்லயே முதுகக் காட்டி நிப்பாங்க. எட்டிப் பாத்தவரு, சீலையப் பாத்ததும் சட்டுன்னு திரும்பிட்டாரு.

"குடு சாமி, குடு. பையன் வகுறு ரொம்பட்டும்."

முக்காட்ட இன்னும் கீழ இழுத்து உட்டுக்கிட்டேன்.

"எங்க அந்தக் கேனையன்? டப்பா வாங்குனத பஸ்ஸு பூரா தம்பட்டம் அடிச்சானாமே. உன்னையக் குடுக்கறப்பவே உங்கம்மா சொன்னா, மாப்ளைக்கு வாய் மட்டுந்தான் இருக்குதுன்னு. நாந்தான் கேக்கல."

அவரு பாக்கல, இருந்தாலும் முக்காட்ட ஆமான்னு ஆட்டுனேன். நெசம்தானுங்களே.

"பையன் குடிச்சு முடிச்சதும் துணிமணிய எடு. வண்டி பூட்டியாந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் இனி நம்மூட்டுல இருங்க."

வாயத் தொறந்தா மானம் போயிரும். தொறக்கலைன்னா பொண்டாட்டி புள்ள வண்டியேறிருவாங்க.

அந்நேரம் பாத்துப் பையனுக்குப் பசி முத்திருச்சு. சீசாவத் தள்ளிட்டு, சீலைக்குள்ள மூஞ்சிய நொழச்சு, என் நெஞ்சுலயே வாய வெச்சு ஒரு இழு இழுத்தான். முடியோட.

"அய்யோ, உட்றா!"

"ஏஞ்சாமி, தொண்ட கட்டிருச்சா?" மாமனாரு திரும்பாமயே கேட்டாரு.

"எப்பங்கப்பா வந்தீங்க?" தண்ணிக் கொடத்தோட பாவாயி வாசல்ல நிக்கறா.

மாமனார் அவளப் பாத்தாரு. மெதுவாத் திரும்பி என்னையப் பாத்தாரு. முக்காடு நழுவி மீசை வெளிய வந்திருச்சு.

பாவாயி கொடத்த எறக்கி வெச்சுட்டு, மறுபடியும் வீல்னு அழுவ ஆரம்பிச்ச பையனப் புடுங்கிட்டு உள்ரூமுக்குப் போனா. அழுகை அந்தச் சணமே நின்னுச்சு. மொடக்கு மொடக்குன்னு அவன் குடிக்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

வாசப்படிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் மாமனாரும் எதுத்தெதுத்தாப்புல. நான் இன்னமும் சீலையில.

உள்ளருந்து பாவாயிதான் சொன்னா. "வண்டியத் திருப்பிக்கங்கப்பா. எம்பையனுக்காகச் சீலை கட்டுன மனுசன உட்டுட்டு எப்படிங்க வாரது? அந்த டப்பாவ மட்டும் தூக்கிட்டுப் போயிருங்க."

மாமனார் டப்பாவ எடுத்துக் கக்கத்துல வெச்சாரு. போறப்ப ஒரே வார்த்த சொன்னாரு.

"மாப்ள, முந்தானைய இழுத்துப் போடுங்க. ரோட்டுல ஆளு போவுது."

பொங்கலுக்கு அவரு ஊட்டுச் சீரு வந்துச்சு. வருசா வருசம் பாவாயிக்குச் சீலை, எனக்கு வேட்டி.

அந்த வருசம் சீலை ரெண்டு.